பம்பரத்தைத் திரும்பிப் பார்க்காதவன்

2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சத்தம். பித்தளை ஊதுகுழல்கள் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து எழுப்பும் நீண்ட முழக்கம் அது. பின்னால் வந்த எத்தனையோ படங்களின் முன்னோட்டங்கள் அதை நகலெடுத்துத் தேய்த்துவிட்டன. 'இன்செப்ஷன்' முன்னோட்டங்களில் அது அதிர்ந்தபோது புதிதாக இருந்தது. கூடவே வந்த காட்சிகளும் அதுவரை காணாதவை. கோப்பைக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. விடுதி நடைவழியே சுழல, இருவர் சுவரிலும் கூரையிலும் உருண்டு சண்டையிடுகிறார்கள். பாரிஸ் நகரத் தெரு பாயைப் போல எழும்பித் தன்மேலேயே மடிகிறது. 2009 ஆகஸ்டில் முதல் முன்னோட்டம் வந்தது. 2010 ஜூலை 16 அன்று படம் வெளியானது. இடைப்பட்ட 11 மாதங்களிலும் கதையைப் பற்றிப் படக்குழு பெரிதாக வாய் திறக்கவில்லை. குற்றம் நடக்கும் இடம் மனித மனம் என்ற குறிப்பு ஒன்றுதான் கையில் இருந்தது. அந்தக் கோடையில் அமெரிக்கத் திரையரங்குகளை நிரப்பியவை பெரும்பாலும் தொடர்ச்சிப் படங்கள்: 'அயர்ன் மேன்' இரண்டாம் பாகம், 'டாய் ஸ்டோரி' மூன்றாம் பாகம், 'ஷ்ரெக்' நான்காம் பாகம். தெரிந்த விருந்தாளி வருவார் என்று காத்திருப்பது ஒன்று. யாரென்றே தெரியாதவருக்கு இலை போட்டு வைத்துக் காத்திருப்பது வேறு. நாவலோ சித்திரக்கதையோ முந்தைய பாகமோ இல்லாத ஒரு கதையில் சுமார் 16 கோடி டாலர் போடப்பட்டிருந்தது. 2008இல் வந்த 'தி டார்க் நைட்' 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததால் கிறிஸ்டோபர் நோலன்மீது பிறந்த நம்பிக்கை மட்டுமே அதற்கு ஈடு.

அந்தக் காத்திருப்புக்கு ஒரு விளைவு இருந்தது. படம் புரியாது என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு உள்ளே போனார்கள். வெளியே வந்தவர்களிடம் இரண்டு விதப் பேச்சு. ரெண்டு தடவை பார்த்தால்தான் புரியும் என்று ஒரு பக்கம் பெருமையோடு சொன்னது. வேண்டுமென்றே குழப்பியிருக்கிறார்கள், உள்ளே ஒன்றுமில்லை என்று மறுபக்கம் எரிச்சலோடு சொன்னது. புகழ்ந்தவரும் இகழ்ந்தவரும் ஒரே நினைப்பில்தான் இருந்தார்கள்: இது ஒரு விடுகதை, விடை எங்கோ ஒளிந்திருக்கிறது. ஆண்டுகள் கடந்து திரும்பிப் பார்க்கையில் அந்த நினைப்புதான் படத்துக்குப் பெரிய அநியாயம் செய்தது என்று எனக்குப் படுகிறது. விடுகதைக்கு விடை தெரிந்த கணமே அதன் வேலை முடிந்துவிடும். அடுத்தவரிடம் போடத்தான் பிறகு அது பயன்படும். இந்தப் படம் அப்படிப்பட்டதல்ல. புரிய வேண்டும் என்ற கவலையோடு, கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவரையும் விட்டுவிடக்கூடாது என்ற அக்கறையோடு கட்டப்பட்ட படம் இது. அதன் சிக்கல் பார்ப்பவரைத் தோற்கடிக்க வந்ததல்ல, கைப்பிடித்து அழைத்துப் போக வந்தது.

சிக்கல் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். தமிழில் அது நூலுக்கும் கூந்தலுக்கும் உரிய சொல். சிக்கு விழுந்த நூல் அறுந்த நூல் அல்ல. ஒரு முனை கையில் கிடைத்துவிட்டால் பொறுமையாக இழுத்துப் பிரித்துவிடலாம். நோலன் அந்த முனையை ஒரு பெண்ணின் கையில் கொடுக்கிறார். அவள் பெயர் அரியாட்னி. கிரேக்கப் புராணத்தில் புதிர்ப்பாதைக்குள் போகும் தீசியஸ் வழி தவறாமல் திரும்ப நூல் கொடுத்தவளும் அரியாட்னிதான். கனவுகளை வடிவமைக்க வரும் இந்தக் கட்டடக்கலை மாணவிக்கு நம்மைப் போலவே எதுவும் தெரியாது. அவள் கேட்கும் கேள்விகளெல்லாம் நாம் கேட்கத் துடிப்பவை. அவளுக்குக் கிடைக்கும் பதில்தான் நமக்கும். கனவில் நேரம் எப்படி ஓடும், கனவில் செத்தால் என்ன ஆகும், அடுத்தவர் மனம் அந்நியரை எப்படி அடையாளம் கண்டு தாக்கும் என்று ஒவ்வொன்றாக, முதலில் சொல்லியும் பிறகு நடத்திக்காட்டியும் படம் கற்பிக்கிறது. பாரிஸ் மடிவதுகூட வெறும் கண்கட்டு வித்தை அல்ல, அவளுடைய பாடத்தில் ஒரு வகுப்பு. கணக்கும் நேர்மையானது. கனவுக் குழுவில் இருக்கும் யூசுஃப் கலக்கும் தூக்க மருந்து மூளையை 20 மடங்கு வேகமாக இயக்கும் என்கிறார்கள். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகும் விமானத்தில் 10 மணி நேரம். அதை 20ஆல் பெருக்கினால் 200 மணி, ஒரு வாரம் சொச்சம். மறுபடி பெருக்கினால் ஐந்தரை மாதம். இன்னொரு முறை பெருக்கினால் ஒன்பது ஆண்டு. ஒரு வாரம், ஆறு மாதம், பத்து ஆண்டு என்று வசனத்தில் வருவது காகிதத்தில் போட்டுப் பார்த்தாலும் ஏறக்குறைய சரியாக வருகிறது. ஏமாற்ற வந்தவர்கள் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதி வைக்கமாட்டார்கள்.

இந்த அக்கறை எங்கே உச்சம் அடைகிறது என்று கேட்டால், நான் படத்தொகுப்பைக் காட்டுவேன். கடைசிப் பகுதியில் ஒரே நேரத்தில் நான்கு உலகங்கள் ஓடுகின்றன: மழை கொட்டும் நகரத்தில் ஒரு வேன், அதில் தூங்குபவர்களின் கனவில் ஒரு விடுதி, விடுதியில் தூங்குபவர்களின் கனவில் பனிமலைக் கோட்டை, அதற்கும் கீழே எல்லையற்ற கனவுவெளியில் இடிந்து சரியும் நகரம். ஒவ்வொன்றிலும் நேரம் வேறு வேகத்தில் போகிறது. வேன் பாலத்திலிருந்து ஆற்றில் விழும் ஓரிரு நொடிகள் படத்தின் நெடும்பகுதிக்கு இழுக்கப்படுகின்றன. எழுதிப் படித்தால் தலை சுற்றும். திரையில் சுற்றவில்லை. ஒன்று மழையின் சாம்பல், ஒன்று விடுதி விளக்குகளின் பொன்மஞ்சள், ஒன்று பனியின் வெண்மை என்று நிறம் பிரித்துவைத்திருப்பதால், ஒரு கணம் பார்த்தாலே எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. மூளை அப்புறம் வந்து சேர்ந்துகொள்ளலாம். வேன் உருண்டால் விடுதி நடைவழி சுழலும் என்ற காரணத் தொடர்பை உடம்பே உணர்கிறது. இங்கிலாந்தின் கார்டிங்டனில் பழைய ஆகாயக் கப்பல் கொட்டகைக்குள் சுமார் 100 அடி நீள நடைவழி ஒன்றைக் கட்டி, எட்டு பெரிய வளையங்களில் பொருத்தி, மோட்டாரால் சுழற்றி, அதற்குள் ஜோசஃப் கார்டன்-லெவிட்டை நிஜமாகவே உருளவிட்டார்கள். இவ்வளவையும் பின்னிக்கொடுத்த படத்தொகுப்பாளர் லீ ஸ்மித். அந்த ஆண்டு ஆஸ்கரில் எட்டுப் பரிந்துரைகள் பெற்று ஒளிப்பதிவு, காட்சி விளைவு, ஒலியில் இரண்டு என நான்கு விருதுகளை வென்ற படத்துக்குப் படத்தொகுப்பில் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. இன்றும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. சிக்கலான படம் என்ற பேச்சு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று. அந்தச் சிக்கலைப் பிரித்துக் கொடுத்த கை யார் கண்ணிலும் படவில்லை.

இசைக்கும் இதே நியாயம் பொருந்தும். கனவிலிருந்து எழ வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது என்று தூங்குபவர்களுக்கு உணர்த்த எடித் பியாஃப் 1960இல் பாடிய பிரெஞ்சுப் பாடலை ஒலிக்கவிடுகிறார்கள். கீழ் அடுக்கில் இருப்பவருக்கு அந்தப் பாடல் இழுபட்டு, மந்தமாகி, கனத்த முழக்கமாகத்தான் கேட்கும். ஹான்ஸ் ஸிம்மர் படத்துக்கு அமைத்த பித்தளை முழக்கம் அப்பாடலின் வேகத்தைக் குறைத்ததிலிருந்து முளைத்தது என்பதைப் படம் வந்த சில நாட்களுக்குள் ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள், ஸிம்மரும் ஒப்புக்கொண்டார். பரபரப்புக்காகச் சேர்த்த இரைச்சல் என்று நினைத்தது, கனவின் அடியாழத்தில் இருந்துகொண்டு நாம் கேட்ட பாட்டு. இது தெரியாமலே படம் பார்த்தவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. தெரிந்தவருக்கு இன்னொரு கதவு திறக்கிறது. நான் அக்கறை என்று சொல்வது இதைத்தான்.

வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, படம் அளவுக்கு மீறி விளக்குகிறது, முதல் ஒரு மணி நேரம் பாட வகுப்பாகவே போகிறது என்பது. அதை ஒட்டியே வரும் அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: இவை கனவுகளே அல்ல. கனவில் அம்மா திடீரென்று பள்ளி வாத்தியாராக மாறுவாள், வீட்டுக் கொல்லையில் கடல் இருக்கும். நோலனின் கனவிலோ எல்லோரும் கோட்டும் சூட்டும் அணிந்து துப்பாக்கியால் சுடுகிறார்கள். இதைச் சொன்னவர்கள் சுட்டியது சதோஷி கோன் இயக்கிய ஜப்பானிய அசைவூட்டப் படம் 'பாப்ரிகா'வை. 2006இல் வந்த அந்தப் படத்தில் குளிர்சாதனப் பெட்டிகளும் பொம்மைகளும் ஊர்வலம் போகும், கனவு வழிந்து நகரத்துக்குள் பாயும். 'இன்செப்ஷன்' வெளியான அடுத்த மாதமே, 46 வயதில், கோன் இறந்துபோனார் என்பது நெஞ்சைக் கனக்கச் செய்யும் செய்தி. கனவின் கட்டற்ற தன்மையைப் பிடித்ததில் 'பாப்ரிகா'வுக்கு இது இணையாகாது என்பதைத் தயக்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதாநாயகன் காப் செய்வது கனவு காண்பதல்ல. அடுத்தவர் கனவுக்குள் திருடப் போவது. அங்கே அவர்கள் கட்டுவது ஒரு மேடை. இது கனவு என்று கனவு காண்பவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் எல்லாம் கெட்டது, ஆகவே அது நனவைப் போலவே இருந்தாக வேண்டும். விளக்கம் மிகுதி என்ற குறைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கொள்ளைப் படம் என்ற வகையில் திட்டத்தை மேசையில் விரித்துப் பேசுவதுதான் சுவை. பூட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அது திறக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்க முடியும்.

விதிகளை இவ்வளவு கவனமாகக் கற்பித்த படம் அவற்றை மீறும் இடமும் ஒன்று உண்டு. வேன் அந்தரத்தில் விழுவதால் விடுதியில் எடையின்மை வருகிறது. அப்படியானால் அந்தரத்தில் மிதக்கும் உடல்கள் காணும் பனிமலைக் கனவிலும் எல்லோரும் மிதந்திருக்க வேண்டாமா? பனிச்சரிவு ஒன்று வருவதோடு சரி. மற்றபடி அங்கே தரை தரையாகவே இருக்கிறது. அடுக்கு இறங்க இறங்க அதிர்வு மங்கிவிடும் என்று ரசிகர்கள் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது ஒட்டுப்போடுவதாகவே தெரிகிறது. நியாயமாகப் பார்த்தால் இது படத்தின் பிழை. ஆனாலும் பிழையைக் கண்டுபிடிக்கும் தகுதியைப் பார்வையாளருக்குக் கொடுத்ததே படம்தான். விதியே சொல்லாத படத்தில் யாரும் தவறு காண முடியாது.

இதை எடை போட ஒப்புமை தேவையென்றால் நோலனிடமே இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து, பெருந்தொற்றால் மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டு, 2020இல் 'டெனெட்' வந்தது. காத்திருப்பு இதைவிடப் பெரியது. மூடிக் கிடந்த திரையரங்குகளையே அது மீட்டுவிடும் என்று பேசினார்கள். காலம் பின்னோக்கி ஓடும் பொருள்கள், முன்னும் பின்னுமாக ஒரே நேரத்தில் நடக்கும் போர் என்று கருத்தளவில் 'இன்செப்ஷ'னைவிடத் துணிச்சலானது. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு விஞ்ஞானி கதாநாயகனிடம், புரிந்துகொள்ள முயலாதே, உணர்ந்துகொள் என்ற பொருளில் சொல்லிவிடுகிறார். முக்கியமான விளக்கங்கள் இசைக்கும் முகமூடிக்கும் அடியில் அமுங்கிப்போயின. அரியாட்னியைப் போல நூல் பிடித்துத் தர அங்கே யாரும் இல்லை. பார்வையாளருக்கு ஊட்டிவிடாததே கலையின் நேர்மை என்று அதை மெச்சுபவர்கள் உண்டு. ஸ்டான்லி குப்ரிக் 1968இல் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யிலிருந்து திட்டமிட்டிருந்த விளக்கக் குரலையே நீக்கிவிட்டாரே என்று கேட்பார்கள். குப்ரிக் காட்டியது மர்மம். அங்கே சொல்லாமல் விட்டது மனித அறிவுக்கு எட்டாத ஒன்றை. 'டெனெட்'டில் சொல்லாமல் விட்டது யார் எதற்காக எங்கே போகிறார் என்பதை. இரண்டும் ஒன்றாகாது. சிக்கல் என்பது உத்தி மட்டும் அல்ல என்பதற்குத் தமிழ்ப் பார்வையாளருக்கு இன்னும் நெருக்கமான சான்று உண்டு. நோலனின் 'மெமென்டோ'வில் கதை தலைகீழாக ஓடுவதால், நினைவு நிற்காதவனின் திகைப்பு நமக்கே நேர்கிறது. 2005இன் 'கஜினி' அந்த நோயை எடுத்துக்கொண்டு அந்தத் தலைகீழ் ஓட்டத்தை விட்டுவிட்டது. நாயகி கல்பனாவுக்காக நாம் அழுதோம், ஆனால் நாயகன் சஞ்சய் ராமசாமியின் மறதியை வெளியே நின்றுதான் பார்த்தோம். நல்ல சிக்கல் பாத்திரத்தின் நிலைமையைப் பார்ப்பவருக்குள் கொண்டுவந்து வைக்கும்.

உணர்ச்சியற்ற படம் என்ற குற்றச்சாட்டுதான் எனக்கு அதிகம் வலித்தது. இயந்திரம் நன்றாக ஓடுகிறது, உள்ளே நெஞ்சு இல்லை என்றார்கள். 2002ஐ ஒட்டியே மனதில் இருந்த இந்தக் கதையை நோலன் கொள்ளைக் கதையாக எழுதிப் பார்த்திருந்தார்; உணர்ச்சியின் பிடி இல்லாமல் அது நிற்காது என்று கண்டபிறகுதான் காப்பின் இறந்துபோன மனைவி மால் கதையின் மையத்துக்கு வந்தாள். ஆனால் என் வாதத்துக்குக் காப்பைவிட, அவன் குழு யார் மனதுக்குள் நுழைகிறதோ அந்த ஃபிஷர் முக்கியம். சாகும் தறுவாயில் தந்தை சொன்ன, ஏமாற்றம் என்ற ஒற்றைச் சொல்லைச் சுமந்துகொண்டு அலையும் மகன் அவன். கோட்டைக்குள்ளே, தந்தையின் கட்டிலருகில், இரும்புப் பெட்டியைத் திறக்கிறான். சிறுவயதில் அப்பாவோடு எடுத்த படத்தில் இருந்த காகிதக் காற்றாடி உள்ளே இருக்கிறது. அவன் உடைந்து அழுகிறான். அத்தனையும் பொய். போட்டி நிறுவன முதலாளி சைட்டோவுக்காகக் கூலிக்கு வந்தவர்கள் தைத்துக் கொடுத்த சமாதானம் அது. தைத்ததை ஒவ்வொரு தையலாக நமக்குக் காட்டியும்விட்டார்கள். இருந்தும் தொண்டை அடைக்கிறது. திரைப்படம் எடுப்பதற்கான உருவகம் இது என்று பலரும் சொன்னார்கள்: காப் இயக்குநர், அரியாட்னி கலை இயக்குநர், கனவில் ஆள்மாறாட்டம் செய்யும் ஈம்ஸ் நடிகர், பணம் போடும் சைட்டோ படநிறுவனம், இருட்டில் கண்மூடி அமர்ந்திருக்கும் ஃபிஷர் பார்வையாளர். அதை ஏற்றுக்கொண்டால் உணர்ச்சியற்ற படம் என்ற குறை தலைகீழாகிவிடுகிறது. செய்யப்பட்ட ஒன்று எப்படி உண்மையான கண்ணீரை வரவழைக்கிறது என்பதே இந்தப் படம் கேட்கும் கேள்வி.

இனி, கனவில் இருந்தால் விழாமல் சுழன்றுகொண்டே இருக்கும் காப்பின் அந்தப் பம்பரம். மேசைமேல் சிறிய உலோகப் பம்பரம் சுழல்கிறது, லேசாகத் தள்ளாடுவதுபோல் ஒரு சத்தம், திரை இருண்டுவிடுகிறது. அரங்குகளில் அப்போது ஒரே குரலில் எழுந்த முனகல் அந்தக் கோடையின் அடையாளம். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 6 கோடியே 28 லட்சம் டாலர் வசூலித்த படம், இரண்டாம் வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே குறைந்தது. பெரிய படங்கள் பாதிக்குமேல் சரிவது வழக்கம். பார்த்தவர்கள் மறுபடி போனார்கள், பார்க்காதவர்களையும் இழுத்துக்கொண்டு போனார்கள், விழுந்ததா விழவில்லையா என்று சண்டை போட்டார்கள். கனவில் மட்டும் காப்பின் விரலில் மோதிரம் இருக்கிறது, கடைசியில் இல்லை என்று துப்புத் துலக்கினார்கள். தான் தோன்றும் காட்சிகளெல்லாம் நனவுதான் என்று நோலன் தன்னிடம் சொன்னதாக நடிகர் மைக்கேல் கெய்ன் 2018இல் கூறியபோது, தீர்ப்பு வந்துவிட்டதுபோல் செய்தி பரவியது. காப் இப்போது பம்பரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பதுதான் விஷயம் என்ற பொருளில், 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஆற்றிய உரையிலேயே நோலன் பேசியிருந்தார். அதைக் கேட்டவர்கள் நழுவல் என்றார்கள்.

நழுவல் இல்லை என்பதைப் படமே முன்கூட்டிச் சொல்லித்தருகிறது. தொடக்கத்தில் காப் டோக்கியோவில் பம்பரத்தைச் சுழற்றும்போது கையில் துப்பாக்கி இருக்கிறது. விழாவிட்டால் சுட்டுக்கொண்டு விழித்துவிடத் தயாராக, கண் இமைக்காமல் பார்க்கிறான். யூசுஃபின் நிலவறையில் கனவிலிருந்து எழுந்ததும் நடுங்கும் விரலால் மறுபடி சுழற்றப் பார்க்கிறான், கை தவறுகிறது. பம்பரத்தைப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது என்று இரண்டு மணி நேரம் நமக்குப் பழக்கப்படுத்தியபிறகு, கடைசியில் பழக்கத்தால் அதைச் சுழற்றிவிட்டு, விழுகிறதா என்று பார்க்காமல் நகர்ந்துபோகிறான். அப்படியானால் கேமரா ஏன் அவனோடு போகாமல் மேசையிலேயே நிற்கிறது, விடுகதை போடத்தானே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: அவன் இறக்கிவைத்த சந்தேகத்தை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் எடுத்துக்கொண்டோம். ஓர் எண்ணத்தை ஒருவர் மனதில், அது தன்னுடையதே என்று நம்பும்படி விதைப்பதுதான் தலைப்பின் பொருள். அரங்கில் எழுந்த அந்த முனகல் விதை ஊன்றிய சத்தம்.

கடைசிப் பெயர்ப்பட்டியலில் காப்பின் பிள்ளைகளுக்கு இரண்டு இரண்டு பேர் நடித்திருப்பதாக வருகிறது. நினைவில் வரும் பிள்ளைகளைவிட வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் பெரியவர்கள். விடை வேண்டுபவர்களுக்கு அது போதும். ஆனால் முதல் தடவை பார்ப்பவர் யாரும் அதைக் கவனித்திருக்க முடியாது. எல்லோரும் பார்த்தது வேறொன்று. படம் நெடுக அந்தப் பிள்ளைகள் முதுகைக் காட்டியபடி புல்தரையில் குனிந்து விளையாடுகிறார்கள். அவர்கள் திரும்பும் நொடியில் காட்சி அறுந்துபோகிறது. கனவின் அடியாழத்தில் மால் அவர்களைக் கூப்பிடும்போதுகூட, பொய்யான முகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று காப் கண்ணைத் திருப்பிக்கொள்கிறான். மேசையில் பம்பரம் சுழல்கிறது. வாசலுக்கு வெளியே அதே வெயில், அதே புல், அதே முதுகுகள். அவன் கூப்பிடுகிறான். பிள்ளைகள் திரும்பி ஓடிவருகிறார்கள்.